முதல் பரிசு வாங்கிய தட்டுகள்

சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையில் ஊர் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"அதுதான் திருடி," என்றார் இயக்குநர்.

ரேடியோ அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தான். "முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே சார்."

இயக்குநர் சிரிக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் துறைக்குத் தலைவர் அவர். பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு குழந்தையையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தொல்லையைத்தான் இந்தத் திரை ஒழித்துவிட்டதே.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தும் பொத்தான் கிடையாது என்பதால் தெருவே கூடி வைத்த பெயர். சேர்ந்த வேலையிலெல்லாம் வாய்க்கொழுப்பால் சீட்டுக் கிழிந்தபின், துப்பறியும் நிலையம் நடத்தும் அண்ணியிடம் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டான். அந்த அண்ணிக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டு இழுப்பதால் கொக்கி மேடம். இப்போது அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

விளக்கம் சொல்ல இயக்குநருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் நின்றார். புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் இருந்தார். துறையின் திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று செயற்கை நுண்ணறிவை வைத்து மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனத்தின் தரவு விஞ்ஞானி. ரேடியோ மனசுக்குள் அவருக்குக் கோட்டு என்று பெயர் வைத்து முடித்துவிட்டான்.

கோட்டு சொன்னது சுருக்கமாக இதுதான். ஒவ்வொரு மையமும் சரியாக ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டுகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இயந்திரம் தட்டைப் பார்க்கும். காலியாக இருந்தால் குழந்தை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது, மதிப்பெண் உண்டு. சாப்பாடு மிச்சம் இருந்தால் குழந்தைக்குப் பிடிக்கவில்லை, மதிப்பெண் போச்சு. முன்பெல்லாம் மையம் மையமாகப் போய்க் குழந்தைகளை எடை பார்த்த ஆட்களை இப்போது வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"பிள்ளைங்கள ஏன் எடை பாக்கறதில்ல?" என்று கேட்டாள் அண்ணி.

"எடை போடுறது மனுஷங்க, மேடம். பொய் எழுதுவாங்க. தட்டு பொய் சொல்லாது."

இந்த வாசகம் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். சுவரில் சட்டம் போட்டும் மாட்டியிருந்தார்கள்.

சிவப்புப் புள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மையம். தினமும் ஒரு மணிக்கு அங்கே தட்டுகளில் சாப்பாடு அப்படியே கிடக்கிறது. இயக்குநர் அதற்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தார். அந்த மையத்துச் சமையல்காரம்மா நல்ல சரக்கை வெளியே தள்ளிவிட்டுக் குப்பையை வேகவைக்கிறார், குழந்தைகள் வாயில் வைக்க மாட்டாமல் விடுகிறார்கள். இன்று பகலில் துறையின் பரிசளிப்பு விழா. முதலாவது வந்த மையத்துக்குக் கேடயம் கொடுத்த கையோடு, கடைசியாக வந்தவரை வேலையை விட்டு நீக்கும் உத்தரவையும் மேடையிலேயே வாசிக்கப் போகிறார். மையமும் இழுத்து மூடப்படும். இயந்திரம் சொன்னதை வைத்து மட்டும் ஆளை நீக்கினால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள். அதனால் ஒரு மனிதக் கையெழுத்து வேண்டும். அதற்குத்தான் அண்ணி.

"நேர்ல போய் ஒரு பார்வை பாத்துட்டு, இயந்திரம் சொன்னது சரின்னு எழுதிக் குடுங்க, போதும்," என்றார் இயக்குநர்.

"படத்தக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

கோட்டு ஒரு படத்தைத் திறந்தார். வரிசையாகத் தட்டுகள். எல்லாவற்றிலும் பருப்பும் காய்கறியும். ஓரத்தில் பாதி முட்டை.

"முட்டையைக்கூடப் பாதி தின்னுட்டு வச்சிடுதுங்க. அவ்வளவு மோசம்," என்றார் இயக்குநர்.

அண்ணி தலையைச் சாய்த்தாள். "பருப்பைக் கெடுத்துச் சமைக்கலாம், சார். முட்டையை எப்படிக் கெடுக்கறது? தண்ணியில போட்டு வேகவச்சா முடிஞ்சுது."

அண்ணி அடுத்ததாக, மையத்திலிருந்து வந்த மாதிரியே, கை வைக்காத படத்தைக் கேட்டாள். கோட்டுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த மையத்துப் படங்கள் எல்லாமே வெள்ளையாக மங்கித்தான் வரும், மென்பொருளை வைத்து அந்த மங்கலைத் துடைத்த பிறகுதான் இயந்திரத்துக்குக் கொடுப்போம் என்றார். துடைக்காத படம் திரையில் வந்தது. பனிமூட்டத்தில் எடுத்த கல்யாண போட்டோ மாதிரி இருந்தது.

"சமையலும் தெரியல, கேமராவும் தெரியல," என்றான் ரேடியோ. "இந்த அம்மாவுக்கு வேற ஏதாவது வருமா?"

அண்ணி அந்த மங்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதலாவது வந்தது எந்த மையம் என்று விசாரித்தாள். பேருந்துப் பணிமனை மையம், ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை என்று கோட்டு பெருமையாகச் சொன்னார். பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவது வந்த மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

* * *

தண்ணீர்த் தொட்டி மையம் ஒரே அறைதான். தகரக் கூரை, பின்னால் ஒரு சமையல் கட்டு, முன்னால் மண் தரை. வாசலில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது. ஸ்கூட்டர் வந்து நின்றும் அது எழுந்திருக்கவில்லை. தின்று கொழுத்த அந்த உடம்பைத் தூக்க அதனால் முடியாது.

"இந்த மையத்துல சத்துணவுத் திட்டம் அமோகமா நடக்குது அண்ணி," என்றான் ரேடியோ. "பயனாளியைப் பாருங்க."

முற்றத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் கொட்டாங்கச்சியையும் டப்பாவையும் வரிசையில் வைத்து, என் குடம்தான் முன்னாடி, உன் குடம்தான் பின்னாடி என்று தண்ணீர்ச் சண்டை போட்டது. இன்னொரு கூட்டம் சுவரோரமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் மூக்கு ஒழுகும் ஒரு சின்னப் பெண்தான் பெரிய அதிகாரி. தகர மூடியைத் தட்டி, வா வா வா, லெப்ட்ல ஒடி, போதும் நிறுத்து என்று பின்னோக்கி வரும் பையன்களைச் சுவரில் இடிக்காமல் நிறுத்தி வைத்தது. அண்ணி உள்ளே போகாமல் அந்த விளையாட்டையே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். நேரம் ஆகிறது என்று ரேடியோ தொண்டையைக் கனைத்தும் பலனில்லை.

சமையல்காரம்மா வெளியே வந்தார். கெட்டியான உடம்பு, நரைத்த தலை, வெந்நீர் பட்டுச் சிவந்த கைகள். துறையிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் முகத்தைக் கதவு மாதிரி சாத்திக்கொண்டார். தட்டுகளில் சாப்பாடு ஏன் மிஞ்சுகிறது என்று அண்ணி கேட்டாள். தெரியாது என்றார். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையா என்றதற்கும் தெரியாது. இத்தனை பேரும் இந்த மையத்துப் பிள்ளைகள்தானா என்று கேட்டபோது மட்டும் ஒரு வினாடி தயங்கினார்.

"எல்லாம் என் பிள்ளைங்கதான்."

ரேடியோ சமையல் கட்டை நோட்டம் விட்டான். திருட்டுக்கான அடையாளமாக ஒன்றும் சிக்கவில்லை. கூடையில் முட்டைகள் இருந்தன. வெளியே விற்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் துறை குத்திய நீல முத்திரை. ஆணியில் ஒரு தையல் நூல்கண்டு தொங்கியது. பெஞ்சில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள், முற்றத்துக் கூட்டத்துக்குப் பாதிகூடக் காணாது. பருப்புப் பானையை எட்டிப் பார்த்தான். அடியில் கிடக்கும் பருப்பை எண்ணிவிடலாம் போலத் தண்ணீராக இருந்தது.

"நீச்சல் தெரிஞ்ச பருப்புதான் மேல வரும் போல இருக்கு," என்று அண்ணி காதில் கிசுகிசுத்தான். அவன் கணக்கில் வழக்கு முடிந்தது. பருப்பை எங்கேயோ தள்ளுகிறார், அவ்வளவுதான்.

அண்ணி நூல்கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தைப்பீங்களா அக்கா என்று கேட்டாள். சமையல்காரம்மா இல்லை என்று தலையாட்டிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்பது போல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

கிளம்பும்போது அவரே வாசல்வரை வந்தார்.

"என்னை வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்பட்டும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. மையத்தை மட்டும் மூட வேண்டாம்னு எழுதுங்க. மூடிட்டா இதுங்க எங்க போகும்?"

ரேடியோவுக்கு எரிச்சல் வந்தது. திருடுகிறவர்களுக்கெல்லாம் பேச்சு மட்டும் எங்கிருந்துதான் இப்படி வருகிறதோ என்று ஸ்கூட்டரை உதைத்தான். அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ரேடியோ, சவுண்டைக் கொஞ்சம் குறை. பணிமனைக்கு விடு."

* * *

முதல் பரிசு மையம் பணிமனைச் சுவரை ஒட்டி இருந்தது. புதுச் சுண்ணாம்பு, புதுக் கதவு, வாசலில் பூந்தொட்டிகள். பொறுப்பாளர் விழாவுக்குத் தயாராகப் புதுச் சட்டை போட்டு, அதில் வாசனைத் தண்ணியையும் கொட்டியிருந்தார். வாங்க வாங்க என்று கைகூப்பி வரவேற்றவர், தன் மையம் முதலாவது வந்த ரகசியத்தைக் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அன்பு. அதுதான் ரகசியம். அன்பாய்ப் போட்டால் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றுவிடுகின்றன.

"அந்த அன்பை வாங்கிக்கிட்ட பிள்ளைங்க எங்க?" என்றாள் அண்ணி.

விழாவை முன்னிட்டு இன்று விடுமுறை என்றார். நேற்று வந்திருந்தால் கால் வைக்க இடம் இருந்திருக்காது என்றார்.

தட்டுகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. ரேடியோ ஒன்றை எடுத்தான். நடுவில் வட்டமாக ஒரு சின்னம் ஒட்டியிருந்தது. எல்லாத் தட்டிலும் இருந்தது. துறையின் முத்திரையாக இருக்கும் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டான். அண்ணி அதே தட்டை எடுத்து, நடுவில் கட்டைவிரல் நகத்தால் நெருடினாள். பிறகு பொறுப்பாளரின் அன்பைப் பற்றி இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு, விழாவில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு தட்டை இரவல் வாங்கிக்கொண்டாள். பொறுப்பாளர் பூரித்துப்போய்க் கட்டோடு எடுத்துப்போகச் சொன்னார். அண்ணி சங்கோஜப்படவில்லை. கட்டோடு வாங்கி ரேடியோ தலையில் வைத்தாள்.

வெளியே வந்ததும் சமையல் கட்டின் பக்கமாக ஒரு சுற்று சுற்றினார்கள். ஜன்னல் வழியே அடுப்பு தெரிந்தது. கடையில் இருந்து வந்த அட்டை இன்னும் அதன் காலில் சுற்றியிருந்தது.

"அடுப்புல பூனை தூங்குதுன்னு சொல்வாங்களே, அந்தப் பூனைகூட இங்க இல்லையே அண்ணி," என்றான் ரேடியோ. சொன்ன பிறகுதான் தன் பேச்சே தன் காதில் விழுந்தது. பூனை இல்லை. காக்கா இல்லை. எறும்புகூட இல்லை. பிள்ளைகள் வழித்துச் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் எறும்புகூட இல்லாமல் இருக்குமா?

யோசித்தால் அவனுக்குப் பசிக்கும். எதிரே பணிமனை ஊழியர்களுக்கான கேன்டீன் இருந்தது. தட்டுக் கட்டை இறக்கி வைத்து, அவித்த முட்டை இரண்டு வாங்கி, ஒன்றை உரித்து வாயில் போட்டான். இரண்டாவதை உரிக்கும்போது அண்ணி அவன் கையைப் பிடித்தாள்.

"எதைத் தின்னேன்னு தெரியுதா?"

ஓட்டில் பாதி நீல முத்திரை இருந்தது. மீதிப் பாதி மேஜையில் நொறுங்கிக் கிடந்தது.

"சாட்சியைத் தின்னுட்டேனா?"

"ஒரு சாட்சியைத் தின்னுட்ட. இன்னொண்ணைக் குடு."

அண்ணி முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள். பணிமனை மையத்துக்கு வரும் சரக்கு எந்த வாசல் வழியாக எந்த அடுப்புக்குப் போகிறது என்பது தெளிவாகிவிட்டது. அது தெரிந்தாலும் ரேடியோவின் குழப்பம் தீரவில்லை. இவன் திருடன், சரி. அதனால் அந்தம்மா யோக்கியம் என்று ஆகிவிடுமா? அங்கே தட்டில் சாப்பாடு கிடப்பது கண்ணால் பார்த்த உண்மைதானே. வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். விழா மண்டபத்துக்கு விடு என்றாள் அண்ணி.

* * *

விழா மண்டபத்தில் மேடையை விடப் பெரிதாக இருந்தது திரை. எல்லா மையங்களிலிருந்தும் சமையல்காரர்களும் பொறுப்பாளர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் தட்டில் கேக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மையத்துச் சமையல்காரம்மா கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒட்டுவாரொட்டி நோய் வந்தவரிடமிருந்து விலகுவது போல எல்லோரும் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகளின் பசியைக் கணினி புரிந்துகொண்ட வரலாற்றை இயக்குநர் நீட்டி முழக்கினார். பொறுப்பாளருக்குக் கேடயம் வந்தது. கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அதை வாசிப்பதற்கு முன் துப்பறியும் நிபுணரின் அறிக்கையைக் கேட்போம் என்று அண்ணியை அழைத்தார்.

அண்ணி மேடையேறி, அறிக்கைக்கு முன்னால் எல்லோருக்கும் இந்த இயந்திரத்தின் திறமையைக் காட்ட வேண்டும் என்றாள். கோட்டு உற்சாகமாக முன்வந்தார். ரேடியோ பணிமனைத் தட்டுகளை மேஜையில் பரப்பினான், கோட்டு படம் எடுத்தார். திரை பச்சையாகப் பூத்தது. முழு மதிப்பெண். குழந்தைகள் மிக நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"யாரும் சாப்பிடலையே," என்றான் ரேடியோ. "நான்தான் இப்பக் கொண்டாந்து வச்சேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி இயக்குநரின் கேக் தட்டைக் காட்டி அதையும் படம் எடுக்கச் சொன்னாள். அவர் முக்கால்வாசி தின்று கால்வாசி வைத்திருந்தார். திரை சிவந்தது. இந்தக் குழந்தைக்கு உணவு பிடிக்கவில்லை, சமையல் செய்தவரிடம் விளக்கம் கேட்கவும்.

இப்போது மண்டபமே சிரித்தது. இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறது, கொடுத்த தரவுதான் தப்பு என்று கோட்டு சொல்லிப் பார்த்தார். அவர் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

அண்ணி ஒரு தட்டைத் தூக்கிக் காட்டி, நடுவில் இருந்த வட்டத்தை நகத்தால் உரித்தாள். கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர். ஒரே ஒரு நாள் சூடான பருப்பு விழுந்து, ஒரே ஒரு முறை கழுவியிருந்தால்கூட அது இப்படிப் புதுசாக இருக்காது. இந்தத் தட்டுகளில் இதுவரை யாருமே சாப்பிட்டதில்லை. சாப்பாடே போடாத தட்டு காலியாகத்தான் இருக்கும், இயந்திரமும் அதற்கு நாள் தவறாமல் முழு மதிப்பெண் போட்டிருக்கிறது. பிறகு கைக்குட்டையை அவிழ்த்து, பணிமனை கேன்டீனில் வாங்கிய நீல முத்திரை முட்டையை மேஜையில் வைத்தாள். பொறுப்பாளர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்துக் கதவைப் பார்த்தார். அங்கே ரேடியோ ஏற்கனவே சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

இயக்குநருக்கு வியர்த்தது. ஆனாலும் நாற்காலிக்கு வந்தவர்கள் அவ்வளவு சுலபத்தில் தோற்க மாட்டார்கள்.

"சரி மேடம், இவன் ஏமாத்துக்காரன். ஒத்துக்கறேன். அதுக்காக அந்தம்மா தட்டுல சாப்பாடு மிஞ்சலன்னு ஆயிடுமா?"

இதே கேள்வியைத்தான் ரேடியோவும் வழியெல்லாம் கேட்டிருந்தான். அவனும் அண்ணியைப் பார்த்தான். அண்ணியோ கூட்டத்தைத் தாண்டி, கடைசி வரிசையில் இருந்த சமையல்காரம்மாவைப் பார்த்தாள். அவர் மெல்ல, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினார். அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. இந்தம்மா தனக்காகப் பயப்படவில்லை.

"அந்த மங்கலான படத்தப் போடுங்க தம்பி," என்றாள் அண்ணி. "துடைக்காதது."

திரையில் பனிமூட்டம் வந்தது.

"நீங்க தினமும் துடைச்சுத் தள்ளுன மங்கல் இருக்கே, அது ஆவி. மிச்சம் வச்ச சாப்பாட்டுல ஆவி பறக்குமா சார்? துடைச்ச படத்துல அந்த முட்டையைப் பாருங்க. பிள்ளைங்க பல்லால கடிச்சா இவ்வளவு நேர்கோடா இருக்குமா? அது நூலால அறுத்தது. இது சாப்பிட்டு முடிச்ச தட்டு இல்ல. இப்பத்தான் பரிமாறின தட்டு."

அண்ணி மீதியையும் சொன்னாள். அந்த மையத்தில் தட்டுகள் கொஞ்சம்தான். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்ததும் தட்டைக் கழுவி இரண்டாவது பந்திக்குப் போடுகிறார்கள். இயந்திரம் படம் கேட்கும் ஒரு மணிக்கு இரண்டாவது பந்தி உட்கார்ந்துகொண்டிருக்கும். முதல் பந்தி தண்ணீர்த் தொட்டிப் பிள்ளைகள். அதுகள் குடம் வைத்து விளையாடுகின்றன. இரண்டாவது பந்தியில் இருப்பவை பேருந்தைப் பின்னோக்கி எடுக்கச் சொல்லி விளையாடுகின்றன. தினமும் எதைப் பார்த்து வளர்கிறதோ அதைத்தானே பிள்ளை விளையாடும்? பணிமனை மையத்தில் அடுப்பு எரியாததால் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் இங்கே நடந்து வருகின்றன. வந்த பிள்ளையைப் போ என்று சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. ஒரு முட்டையை இரண்டாக்கினார், பருப்பில் தண்ணீர் சேர்த்தார், வாயை மூடிக்கொண்டார். முதல் பரிசும் கடைசி இடமும் ஒரே பிள்ளைகளால் வந்தவை.

நீச்சல் தெரிந்த பருப்பு என்று தான் அடித்த ஜோக்கு ரேடியோவின் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

இயக்குநருக்கு மட்டும் தோன்றியது. அவர் முகம் தெளிந்தது.

"அப்ப, பதிவுல இல்லாத குழந்தைங்களுக்கு அரசாங்கச் சரக்கைப் போட்டிருக்காங்க. அது விதிமீறல். அதுக்கே வேலையை விட்டு நீக்கலாம்."

சமையல்காரம்மா இதற்குத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அவர் கண்களை மூடிக்கொண்டது ரேடியோவுக்குத் தெரிந்தது. அண்ணியோ இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போலத் தலையாட்டினாள்.

"தாராளமா நீக்குங்க சார். ஆனா இப்பத்தான் நீங்க ஒரு கேடயம் குடுத்தீங்க. பணிமனைப் பிள்ளைங்க எல்லாம் வயிறாரச் சாப்பிட்டாங்கன்னு மைக்ல சொன்னீங்க. சாப்பிட்டது உண்மைதான். போட்டது இவங்க. பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டதுக்கு ஒருத்தர வேலைய விட்டு எடுத்தேன்னு இதே மைக்ல சொல்லுங்க. பத்திரிகைக்காரங்க எழுதிக்கட்டும்."

முன்வரிசையில் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. இயக்குநர் மைக்கைப் பார்த்தார், கைபேசிகளைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் திருப்பி வைக்கப் போனார். மடித்து வைத்த தாளை நாளைக்கே பிரிக்கலாம். அது அண்ணிக்கும் தெரியும்.

"அதை இப்படிக் குடுங்க சார். என் அறிக்கையோட சேக்கணும்."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கொடுத்தார்.

கைதட்ட யாருக்கும் நினைவு வருவதற்குள் சமையல்காரம்மா எழுந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அண்ணியிடம் வந்தார்.

"நேரமாச்சும்மா. பானையை அடுப்புல வச்சு, உதவிக்கு இருக்கிறவகிட்ட சொல்லிட்டு வந்தேன். நான் போகாம அவ பரிமாற மாட்டா. வண்டியில என்னைக் கொண்டு விடுறீங்களா?"

* * *

ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஒரு கட்டுத் தட்டும் போனார்கள். எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

தட்டுகளைக் கழுவி, நடுவிலிருந்த ஸ்டிக்கர்களைச் சுரண்டும் வேலை ரேடியோவுக்கு வந்தது. நகம் தேய்ந்தது. அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டு இருந்தது. குடம் வைத்து விளையாடியவையும் பேருந்து ஓட்டியவையும் ஒரே பந்தியில், முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. கொதிக்கிற பானையை இரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். அடியில் வைக்கப் பிரிமனை இல்லை. அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நான்காக மடித்துத் தரையில் போட்டாள். இயக்குநரின் கையெழுத்து இருந்த பக்கத்தின் மேல் பானை உட்கார்ந்தது.

மணி ஒன்று. சுவரில் மாட்டியிருந்த மையத்துக் கைபேசி படம் கேட்டுக் கத்தியது. ரேடியோ எடுத்து வரிசையைப் படம் பிடித்தான். ஆவியில் ஒரு பிள்ளையும் சரியாகத் தெரியவில்லை. லென்ஸைத் துடைக்கப் போனவன் துடைக்காமல் அப்படியே அனுப்பினான். உடனே பதில் வந்தது. குழந்தைகள் சாப்பிடவில்லை. விளக்கம் தேவை.

"என்ன அண்ணி பதில் போடறது?"

மூக்கு ஒழுகும் சின்னப் பெண் அரை முட்டையை அப்படியே வாயில் அமுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் பருப்பு வேண்டும் என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அவன் கையிலிருந்த கைபேசியை வாங்கி ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரண்டியைக் கொடுத்தாள்.

"பிள்ளை கேக்குதுல்ல. முதல்ல அதுக்குப் பதில் சொல்லு."